நான் வாசித்த நம்பர்

கல்லூரி வருகைப் பதிவேட்டில் என் நம்பர் முப்பத்தொன்று. அவள் நம்பர் முப்பத்திரண்டு. இருவர் பெயரும் ஒரே எழுத்தில் ஆரம்பித்ததால் வந்த வினை. மைசூரில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் நாலு வருஷம் படித்தோம். லேபில் அவள்தான் என் ஜோடி, வார்டில் அவள்தான் என் ஜோடி. பரீட்சை ஹாலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் இரண்டாவது பக்கம் திருப்புவதற்குள் கூடுதல் பேப்பர் கேட்டுக் கை தூக்குவாள். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாதி பதில் மறந்துபோகும்.

நான் ஹனூர்ப் பக்கத்துக் காட்டோர ஊரிலிருந்து வந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்றாலும் என் கன்னடத்தில் தமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். வார்டில் நான் வாயைத் திறந்தால் நோயாளிகளே சிரிப்பார்கள். அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அம்மா டீச்சர். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. தமிழ்தான் திக்கும். ஆனாலும் என்னிடம் மட்டும் தமிழில்தான் பேசுவாள், ஒவ்வொரு வாக்கியத்திலும் தோழிகளைக் கூப்பிடும் கன்னடக் 'கணே'யைப் போட்டுக்கொண்டு. நான் தனியாக உணரக் கூடாதாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்படுகிறாளோ என்று தோன்றும்.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் யூனிபார்ம் சாயங்காலம் வரை கசங்காது. அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. தேவராஜ மொஹல்லா வரைக்கும் போய் ஒரு டஜன் பேனா வாங்கிக்கொண்டு இடைவேளைக்குள் திரும்பிவிடுவாள். எனக்குப் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுக்கும். எல்லாவற்றையும் விட அவள் கை. நரம்பே தெரியாத கிழவருக்கும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவாள். நான் இரண்டு தடவை குத்தி, மூன்றாவதற்குத் தடவிக்கொண்டிருக்கும்போது நோயாளி நிமிர்ந்து, "அந்தச் சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார். அவள் வருவாள், குத்துவாள், போவாள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போவாள். தட்டாமல் போயிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க வழங்காது என்பதால் அவள் வீட்டிலிருந்து எனக்கும் ஒரு டப்பா வரும். அவள் அம்மா செய்யும் சித்ரான்னம் போல நான் எங்கும் சாப்பிட்டதில்லை. "பேகா சாப்டு கணே, வார்டுக்கு லேட் ஆகுது" என்று அவள் அவசரப்படுத்துவாள். நான் ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டே வயிறெரிவேன்.

டிபன் முடிந்ததும் ஒரு வைட்டமின் புட்டியைத் திறந்து ஒரு சின்ன மாத்திரை போட்டுக்கொள்வாள். தினமும், தவறாமல். அவள் முகத்தின் மினுமினுப்புக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். மருந்துக் கடையில் அதே புட்டியை வாங்கி இரண்டு மாதம் விழுங்கினேன். எனக்கு மூக்கில் ஒரு பரு வந்ததுதான் மிச்சம்.

கடைசி வருஷம் ஆரம்பித்த சமயம், பக்கத்தில் இன்னொரு கல்லூரியில் ஒரு பையன் போதை மருந்தோடு பிடிபட்டான். பெற்றோர்கள் பயந்துபோனார்கள். பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டு எதையாவது நினைத்துக்கொண்டு படுப்பவர்கள் அவர்கள். எங்கள் கல்லூரியில் மாதம் ஒரு தடவை வகுப்புக்கு ஐந்து பேரைக் குலுக்கலில் எடுத்துச் சிறுநீர் பரிசோதனை செய்வது என்று முடிவானது. வீட்டுக்குப் படிவம் போனது. என் அப்பா எழுத்துக்கூட்டிக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார். எங்களை யாரும் கேட்கவில்லை. இருபத்தொரு வயதுக்காரிகள், ஓட்டுப் போட்டவர்கள், உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு மருந்து கொடுக்கப் போகிறவர்கள். எங்கள் சிறுநீருக்குச் சம்மதம் எங்கள் அப்பா தரவேண்டியிருந்தது.

அதை அறிவித்த கூட்டத்தில் அவள் ஒருத்திதான் எழுந்தாள். நோயாளியின் ரிப்போர்ட்டைப் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, எங்கள் ரிப்போர்ட்டை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது என்றும் கேட்டாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. பிரின்சிபால் மேடம் சிரித்துக்கொண்டே, தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம் என்று கன்னடத்தில் சொன்னார். அதற்குக் கைத்தட்டல் எழுந்தது. ஆனால் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அவளைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு தைரியம், எப்படிக் கேட்டாள் என்று ஒரே பேச்சு.

கிளாஸ் லீடர் நான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்னும் உறுத்தியது. நடுங்கிய குரலைக்கூட நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் நம்பர் எடுக்கலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். எங்கள் கிளாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் யார் சொல்வதைக் கேட்கும் என்று எங்களுக்குத் தெரியாதா. தசராவுக்கு எப்படியோ அப்படியே செய்யுங்கள் என்றோம். எங்கள் கல்லூரியில் அது பழைய வழக்கம். ஊரே ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்கப் போகும் நாளில் வார்டில் யார் இருப்பது என்று ஒவ்வொரு வருஷமும் சண்டை வரும் என்பதால் சீட்டுக் குலுக்கல்தான். ஸ்டீல் கிட்னி டிரேயில் எல்லா நம்பரும் கிளாஸ் லீடர் கையால் எழுதிச் சீட்டாகப் போடப்படும். வைஸ் பிரின்சிபால் மேடம் ஒவ்வொன்றாக எடுத்து, பிரிக்காமலேயே கிளாஸ் லீடர் கையில் கொடுப்பார். லீடர் பிரித்துச் சத்தமாக வாசித்துவிட்டுக் கிழித்து மஞ்சள் கூடையில் போட வேண்டும். தான் பார்த்தால் பழி தன் மேல் வரும் என்று மேடம் பார்க்க மாட்டார். ஒரு வருஷம் வாசித்த சீட்டு மறுபடி டிரேயில் விழுந்து ஒரு பெண்ணுக்கு இரண்டு டியூட்டி வந்துவிட்டதாம், அதிலிருந்து கிழிப்பது. இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்தில் கிடையாது என்று எல்லோரும் நம்பினோம். லீடர் வாசிப்பதை யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்த மாதம் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரே ஒரு நர்ஸை எங்கள் வகுப்பிலிருந்து எடுக்கப் போகிறார்கள். படிப்பு முடிந்த மறுநாளே வேலை. முதல் ரேங்க் அவள், இரண்டாவது நான். எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாக அல்லாமல் போனதில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அவளுக்கும் வேண்டும், பச்சை உடுப்பும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் கண் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் அழகாக இருந்தது.

குலுக்கல் நடந்த காலையில் சீனியர் சர்ஜன் வகுப்புக்கு வந்திருந்தார். போகும்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தியேட்டரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் காதில் விழும்படியாகச் சொன்னார். அந்தச் சூடு ஆறுவதற்குள் டிரே வந்துவிட்டது.

முதல் சீட்டு ஒரு பையனுடையது. இரண்டாவது என் ரூம்மேட். மூன்றாவதைப் பிரித்தேன். முப்பத்தொன்று. என் கையெழுத்தில், என் நம்பர்.

எனக்கு மறைக்க ஒன்றும் கிடையாது. டீயைத் தவிர வேறு பழக்கம் இல்லை. ஆனால் பாத்ரூம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆயா பார்க்க ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. உடனேயே, இதை அவள் அல்லவா செய்ய வேண்டும் என்று தோன்றியது. கசங்காத அந்த யூனிபார்மைத் தூக்கிக்கொண்டு அவள் குந்த வேண்டும். ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். அவள் கொஞ்சம் கூசட்டும். இதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

முப்பத்திரண்டு என்று வாசித்தேன். சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

அவள் உண்மையான சீட்டு இன்னும் டிரேயில்தான் இருந்தது. மறுபடி முப்பத்திரண்டு வந்தால் முப்பத்தொன்று என்று வாசித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த இரண்டும் வேறு யாருடையதோ. அப்பாடா என்று திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

சோதனை எங்கள் லேபிலேயே நடந்தது. வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் கிட் கொண்டுவந்திருந்தார். சோதனை அட்டையின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கோடு தெரிந்தால் ஒன்றுமில்லை, ஒரே கோடு என்றால் ஏதோ இருக்கிறது. பதிவேட்டில் எழுதுவதற்காக நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் போகும் முன் டெக்னீஷியனிடம் தனியாக ஏதோ சொல்ல முயன்றாள். வரிசையில் வாம்மா என்றுவிட்டார் அவர். அவளுடைய அட்டையில் ஒரு கட்டத்தில் ஒரே கோடுதான் வந்தது. டெக்னீஷியன் தலை நிமிராமல், பார்பிச்சுரேட் பாசிட்டிவ் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அது தூக்க மருந்து வகை, போதைக்கும் தின்பார்கள். வலிப்புக்கும் கொடுப்பார்கள் என்று பார்மகாலஜியில் நாங்கள் எல்லோரும் படித்துப் பாஸ் செய்திருந்தோம். அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்று அவள் கேட்ட கேள்விக்கு இப்போது எல்லோரும் அர்த்தம் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் பயந்தாள், பார்த்தாயா என்றார்கள்.

மறுநாள் அவள் அம்மா டாக்டர் சீட்டுகளை ஒரு பைநிறைய எடுத்துக்கொண்டு வந்தார். பத்து வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. நாலைந்து வருஷமாக மாத்திரையில் கட்டுப்பட்டு ஒரு தடவைகூட வரவில்லை. வைட்டமின் புட்டிக்குள் இருந்தது அந்த மாத்திரைதான்.

பிரின்சிபால் மேடம் கெட்டவர் இல்லை. ஒரு நல்ல பெண்ணின் பெயர் கெட்டுவிட்டதே என்று அவர் நிஜமாகவே துடித்தார். துடித்து என்ன செய்தார் என்றால், எங்கள் வகுப்பு அறுபது பேரையும் ஹாலில் கூட்டி, அவளையும் அவள் அம்மாவையும் பக்கத்தில் நிறுத்தி, இவள் போதைக்காரி இல்லை, பாவம், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், இனி யாரும் தப்பாகப் பேசக் கூடாது என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா பதினோரு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம் அது. அந்தக் கைத்தட்டலில் அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. எல்லோரும் கனிவாக இருந்தார்கள். வார்டில் பாரம் தூக்க விடவில்லை. நின்றால் ஸ்டூல் போட்டார்கள். அவள் கண்ணை மூடினால் நாலு பேர் ஓடி வந்தார்கள். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. ஊரிலிருந்து வந்து நாலு வருஷம் நின்றே கழித்த எனக்கு ஒருவரும் ஸ்டூல் போட்டதில்லை.

தியேட்டர் வேலைக்கு அவளை எடுக்கவில்லை. ஆறு மணிநேரம் நிற்க வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் உனக்கும் கஷ்டம், நோயாளிக்கும் கஷ்டம், உன் நன்மைக்குத்தான் என்று நர்சிங் சூப்பிரண்டென்ட் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது ரேங்க் நான். வீட்டுக்குப் போன் போட்டேன்.

"கெடச்சிருச்சுங்கப்பா" என்றேன்.

அப்பா, உன்கூடப் படிக்கிற அந்த டவுன் புள்ளைக்கும் கிடைத்ததா என்று கேட்டார். அவளைப் பற்றி நான் அவ்வளவு புலம்பியிருக்கிறேன். இல்லை என்றேன். "அய்யோ கண்ணு" என்றார். அவருக்குத்தான் முதலில் வருத்தம் வந்தது.

மூன்று வருஷமாகத் தியேட்டரில் இருக்கிறேன். வேலை நன்றாகவே செய்கிறேன். ஆனால் அனஸ்தீஷியா டாக்டர் நரம்பு கிடைக்காமல் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அவள் இருந்தால் இந்நேரம் ஏற்றியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் இல்லாத இடத்திலும் அவளோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் சோதனை இன்னும் நடக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்கிறார்கள், நான் பழைய மாணவி, ஆஸ்பத்திரிக்காரி என்பதால். ரிப்போர்ட்டைப் பூட்டி வையுங்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்ல ஒரு வழி வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். குலுக்கல் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒரு சிஸ்டரின் வீட்டு விசேஷத்துக்காகக் குண்டலுபேட்டை பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவள். மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்துகொண்டேன். "வா கணே" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள். குண்டலுபேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை, தினமும் போய் வருகிறாளாம். ஸ்கூட்டரை விற்றுவிட்டார்கள், அம்மா ஓட்ட விடுவதில்லை. முகம் அப்படியேதான் இருந்தது. நான்தான் பருத்திருந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் அவளே அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தாள். ரொம்ப நாள் சீட்டெடுத்த மேடம் மேல் சந்தேகமாக இருந்ததாம். கேள்வி கேட்டதற்காகத் தன்னை வேண்டுமென்றே மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போனதாம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். இரண்டு தடவை வந்ததாம்.

"அப்புறம் யோசிச்சேன் கணே. சீட்ட பிரிச்சது நீ. நீ படிச்சா அது சரியாத்தான் இருக்கும். சும்னே வந்த நம்பர், யாரும் பண்ணினது இல்ல. அதுக்கப்புறம்தான் நிம்மதியாச்சு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் ஒரு மணிநேரம் வேறு ஏதாவது பேசியிருக்கலாம். அவள் என்னை அந்த அளவுக்கு நம்பினாள் என்பதுதான் தாங்க முடியவில்லை. நல்லவளாக இருப்பதிலும் அவளே முதல் ரேங்க்.

"அன்னைக்கு வந்தது உன் நம்பர் இல்ல. என்னுது" என்றேன்.

அவள் தணிந்த குரலில் கேட்டாள். "உனக்குத்தான் ஒண்ணும் இல்லயே. எதுக்கு பயந்த?"

பயம் இல்லை, பொறாமை என்றேன். ஊசியையும் கன்னடத்தையும் ஸ்கூட்டரையும் சித்ரான்னத்தையும் சொன்னேன். மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கை நடுங்கவில்லை. அந்தக் கை எப்போதுமே நடுங்காது.

நஞ்சன்கூட்டில் பாதிப் பஸ் இறங்கியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கொஞ்சம் வழி விடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். என்னிடம் அவள் கன்னடத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் காலை ஒடுக்கிக்கொண்டேன். முன்னால் போய், புது பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் குடத்தை இவள் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். குண்டலுபேட்டைக்கு இன்னும் முக்கால் மணிநேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் அவர் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருக்கப் போகிறாள். முன்பின் தெரியாத அந்த அம்மாளைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.